களைக் கஷாய மீமாம்ஸை

மறைத்துக் காக்க வேண்டியவை, பறையறைந்து உரைக்க வேண்டியவை என்று சாஸ்திரங்களை இரு கூறாகப் பகுத்துப் பேசும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. எனினும், கொல்லையில் பிடுங்கிய களைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிட்டு, அந்தத் தண்ணீரையே செடிகளுக்கு ஊட்டுகின்ற வித்தை எக்கூற்றைச் சார்ந்தது என்னும் வினாவை ஆராய எந்தப் பண்டிதரும் இதுவரை முன்வந்தாரில்லை. அக்குறையைத் தீர்ப்பதற்குத் திருக்கோஷ்டியூரைக் காட்டிலும் தகுதியான ஊர் வேறில்லை என்பது என் துணிபு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரார்த்தம் கேட்கத் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்துவந்த இராமாநுஜர், பெற்றதை எவர்க்கும் சொல்லலாகாது என்ற கட்டளையை மீறி, நரகம் தமக்கொருவர்க்கே நேர்ந்தாலும் நேர்க என்று துணிந்து, ஸௌம்யநாராயணப் பெருமாள் கோயிலில் மேலேறி நின்று ஊரார் அனைவர்க்கும் அதனைக் கூவி வழங்கினார் என்று குருபரம்பரை கூறும். இரகசியம் என்ற விஷயத்தில் இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்ட ஸ்தலம் இது. நம்முடைய கஷாயத்திற்கோ கோபுரம் ஏறுகிற சிரமமும் இல்லை. மூடியை நாலு விரற்கடை நகர்த்தினால் அதுவே தன்னைத் தெரு முழுவதும் பிரகடனம் செய்துகொள்ளும்.

முதற்கண் களை யாது என்று இலக்கணம் வகுக்க வேண்டும். விதைக்காமல் முளைப்பது களை என்பாரேல், காக்கை எச்சமிட்டு முளைத்த வேம்பும் களையாகிவிடும். பயனற்றது களை என்பாரேல், மூக்கிரட்டையைக் கீரையென்று விலை சொல்லும் கூடைக்காரி நம்மை நகைப்பாள். அருகம்புல்லின் வழக்கு இன்னும் சிக்கலானது. வெண்டைப் பாத்தியில் நிற்கும் அருகை மண்வெட்டியோடு துரத்துகிற நாம், திருப்பத்தூரைத் தாண்டிப் பிள்ளையார்பட்டிக்குப் போனால் அதே அருகை மாலையாகக் காசு கொடுத்து வாங்கிக் கற்பக விநாயகருக்குச் சாத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஆகவே களைத்தன்மை என்பது செடியினுடைய குணமன்று, அது நிற்கும் இடத்தினுடைய குணமே என்பது பெறப்படும். நான் நடாதிருக்க, நான் இறைத்த தண்ணீரையும் நான் இட்ட எருவையும் உண்டு வளர்ந்தது எதுவோ அதுவே களை என்று கொண்டு மேலே செல்லுவோம்.

பழைய நூல்களில் இதற்குப் பிரமாணம் உண்டோ எனின், திருவள்ளுவர் உழுவதினும் எருவிடுதல் நன்று என்று சொல்லிக் களையெடுத்தலையும் அதே குறளிலே பேசியிருந்தும், எடுத்த களையே எருவாகும் என்று ஒரு சொல் கூடச் சொல்லாமல் விட்டார். பரிமேலழகரும் அவ்விடத்தில் வாய் திறக்கவில்லை. வடமொழியில் சுரபாலர் என்பார் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்றிய விருக்ஷாயுர்வேதத்தில் குணபஜலம் என்றொரு திரவ உரம் விதிக்கப்பட்டிருக்கிறது. ஆக்ஸ்போர்டு நூலகத்தில் கிடந்த அதன் சுவடிக்குப் படி வருவித்து, நளினி ஸாதலே என்னும் அம்மையார் செய்த மொழிபெயர்ப்போடு 1996இல் வெளியிடச் செய்தவர் வேளாண் அறிஞர் நேனே. அதிலுள்ள செய்முறையோ பன்றி, மீன், ஆடு முதலியவற்றின் மாமிசத்தையும் கொழுப்பையும் வேகவைத்துப் பாலும் தேனும் நெய்யும் உளுந்தும் எள்ளுப் பிண்ணாக்கும் கூட்டி ஊறப்போடச் சொல்கிறது. திவ்யதேசத்தில், பெருமாள் வீதிக்குப் பின்னால் உள்ள கொல்லையில், இதைச் செய்து பார்க்கும் துணிவு எனக்கில்லை. நெய் விற்கிற விலையில் பிறருக்கும் இராது. கொடுமுடி டாக்டர் நடராஜனின் முயற்சியால் தமிழகமெங்கும் பரவிய பஞ்சகவ்யம் உத்தமமானதே. ஆனால் அதற்கு மாடு வேண்டும். மாடில்லாதவர்க்கும் களை உண்டு என்பதே நம் கஷாயத்தின் தனிச்சிறப்பு.

இனி இதன் தத்துவம். களையின் உடம்பில் இருப்பது அனைத்தும் நம் மண்ணிலிருந்து அது வாங்கியது. கஷாயம் புதிதாக எதையும் சிருஷ்டிப்பதில்லை, போனதை வசூலிக்கிறது, அவ்வளவே. அந்த வசூலிலும் முந்திவருவது சாம்பல்சத்து. இலைச்சாற்றில் கரைந்த உப்பாகவே அது திரிவதால், இலையின் நுண்ணறைகள் சிதைந்தவுடன் தயங்காமல் தண்ணீருக்கு இறங்கிவிடும். தழைச்சத்து அப்படியன்று, அது புரதத்தில் கட்டுண்டு கிடப்பதால், நுண்ணுயிர்கள் நாட்கணக்கில் அதனை அறுத்து அறுத்து அம்மோனியாவாக்கிய பின்னரே வெளிப்படும். இதற்குள் தண்ணீரிலிருந்த பிராணவாயு தீர்ந்துபோகவே, காற்றில்லாமல் வாழும் கிருமிகள் ஆட்சிக்கு வந்து, ஹைட்ரஜன் சல்பைடையும் வேறு சில அமிலங்களையும் உற்பத்தி செய்கின்றன. நாற்றம் என்று உலகம் இகழ்வது இவற்றையே. எங்கள் பக்கத்துச் செம்மண் சரளையோ தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் சுபாவமற்றது. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் மேலே இட்டதெல்லாம் கீழே இறங்கிவிடும். ஆகையால் ஒரேயடியாக அள்ளிப் போடுவதைவிட, சிறுகச் சிறுக அடிக்கடி ஊற்றும் திரவ உரமே இம்மண்ணுக்குப் பாந்தமானது.

செய்முறையில் மதபேதம் இல்லாமலில்லை. கிலோ களைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்பதில் எல்லாரும் ஒன்றுபடுவர். ஊறுகின்ற நாட்களில் கலக்கவேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் பிளவு. அன்றாடம் கோலெடுத்துக் கலக்கினால்தான் காற்றுப் புகுந்து நாற்றம் தணியும், மனித யத்தனம் இன்றிப் பலன் இல்லை என்பவர்கள், தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைச் சான்று காட்டும் மர்க்கட நியாயத்தார். மூடியைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் ஆகவேண்டியது தானே ஆகும், இடையில் நாம் கைவைப்பது அபசாரம் என்பவர்கள், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைக் காட்டும் மார்ஜார நியாயத்தார். இருதிறத்தார் வாதங்களையும் நடுநிலையோடு ஆராய்ந்த நான் பூனைக்குட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதற்குத் தத்துவம் காரணமன்று, சோம்பலே காரணம்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. செட்டிநாட்டு வீடுகளில் சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டாக்கள் பலவிருந்தும் அவற்றுள் ஒன்றைக் கேட்டுப் பார்க்கும் ஆண்மகனை நான் இன்னும் கண்டிலேன். ஆதலால் நீல பிளாஸ்டிக் டிரம்மே சாஸ்திரோக்தமாயிற்று. இரண்டாம் வாரத்தில் மூடியை விலக்கிப் பார்த்தால், கறுப்பும் பழுப்பும் கலந்த நீரின்மேல் எண்ணெய்ப் படலம் போலொரு மினுமினுப்பு ஓடும். ஓரத்தில் சிறு கொப்புளங்கள் எழுந்து வெடிக்கும். நாயுருவித் தண்டு மட்டும் நாராக மிதக்க, குப்பைமேனி இருந்த சுவடே இராது. இந்தக் கட்டத்தில்தான் அடுத்த வீட்டு ஆச்சி மதிலோரம் வந்து நின்றார்கள்.

"என்னங்க தம்பி, கொல்லையில எலி எதுவும் செத்துக் கெடக்கா?"

"இல்லைங்க ஆச்சி, செடிக்கு உரம் ஊறுது."

"ஊறுதா? அழுகுதுன்னு சொல்லுங்க. மூணு நாளா சோறு எறங்கல எனக்கு."

அதற்கு நான் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்கள் கத்தரிச் செடிகள் கரும்பச்சையாக இலை விரித்த வாரத்தில், விளக்கு வைத்த பிறகு, ஆச்சி வீட்டு வேலைக்காரப் பெண் ஒரு போணியை ஏந்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள் என்பதை ஆராய்ச்சியின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

பிரான்ஸ் தேசத்தில் இவ்வித்தை வேறொரு சங்கடத்துக்கு உள்ளாயிற்று. அங்கே நம் காஞ்சொறி போலத் தொட்டால் தோலை எரிக்கிற ஒரு செடியை ஊறவைத்துத் தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஊற்றி வந்தார்கள். அரசின் அனுமதி பெறாத பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களை விளம்பரம் செய்வதும் பரிந்துரைப்பதும் குற்றமென்று 2006இல் அங்கே ஒரு சட்டம் வந்தபோது, பாட்டன் சொன்ன பக்குவத்தைப் பேரனுக்குச் சொல்வதும் குற்றமாகுமோ என்று குடியானவர்கள் கொதித்தெழுந்தனர். அதற்குக் காஞ்சொறிப் போர் என்றே பெயராயிற்று. 2011இல்தான் முறையான அனுமதி கிடைத்தது. வாசனையால் தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு பொருளுக்கு விளம்பரத் தடை விதித்த அந்நாட்டு மந்திரிகள் ஒருமுறை எங்கள் கொல்லைக்கு வந்திருந்தால் மசோதாவைக் கிழித்திருப்பார்கள்.

விலக்குகளைச் சுருங்கச் சொல்லுகிறேன். களைக்கொல்லி தெளித்த செடி ஆகாது. அந்த விஷம் கஷாயத்தோடு கத்தரிக்கும் போய்ச் சேரும். விதை பிடித்த களையும் ஆகாது, பூக்குமுன் பிடுங்குக. 1955ஐ ஒட்டிப் புனேயில் முதலில் கண்ணில் பட்டு, இன்று நம் ரயில் பாதையோரமெல்லாம் வெள்ளைப் பூ பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் தடிக்கும். கோரையைக் கிழங்கோடு போட்டால் மற்றவையெல்லாம் கரைந்த பிறகும் கிழங்கு உயிரோடிருக்கும். அதைத் தனியே நெடுநாள் மூழ்கடித்து அழுகவைக்க வேண்டும்.

கொப்புளம் நின்றதும் வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வேரில் ஊற்றுக; உண்ணும் கீரையின் இலைமேல் ஊற்றற்க. சக்கையை வாழைத்தூரில் போடலாம்.

கடைசியாக உள்ளூரார்க்கு ஒரு விண்ணப்பம். ஐப்பசி கார்த்திகையில் முளைத்த களையை மார்கழியிலேயே பிடுங்கி ஊறப்போட்டுத் தையில் தீர்த்துவிடுங்கள். மாசி மகத் தெப்பத்திற்குத் திருக்குளத்தைச் சுற்றி விளக்கேற்ற வெளியூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அந்த வாரத்தில் எவரும் தயவுசெய்து டிரம்மைத் திறக்க வேண்டாம்.