பாசத்துக்கு இரண்டு வீதம்

கண்டியில் அண்ணன்மாருக்குத் தங்கச்சி மேல் பாசம் பொங்குவது பெரும்பாலும் அப்பாவின் கருமாதி முடிந்த பிறகுதான். அதுவரை போனை எடுக்காதவர் வீடு தேடி வருவார். கையில் ஒரு பார்சல் கேக்கும் இருக்கும்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பத்துப் பேர்ச்சஸ் காணி, அதில் ஒரு வீடு. அம்மா முன்பே போய்விட்டார், அப்பா உயில் எழுதவில்லை. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. தகப்பன் இருக்கும்போதே, கணவன் வீட்டோடு போகும் தீக முறையில் கட்டிக்கொடுத்த கண்டியச் சிங்கள மகளென்றால், உயிலில்லாத தகப்பன் சொத்திலிருந்து 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டமே அவளை வெட்டிவிடும். பாவம், நம் தமிழ் அண்ணன்மாருக்குச் சட்டம் அந்த ஒத்தாசையைச் செய்யவில்லை. வெட்டுகிற வேலையை அவர்களே செய்யவேண்டியிருக்கிறது.

"ஒனக்கென்னம்மா கொறை? மாப்பிள்ளை நல்லா சம்பாதிக்கிறாரு. ஒனக்கு நகை போட்டது நாங்கதானே?"

அந்த நகைக்கு அப்பா பட்ட கடனை, தேயிலைக் கடையில் கணக்கெழுதி அடைத்தவள் இந்தத் தங்கச்சிதான். அந்தக் கணக்கை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை.

அவள் முகம் சுளித்தால் அடுத்த அஸ்திரம் தயார்: "பாகப்பிரிவினை வழக்குன்னு போனா ஒன் பேரப்பிள்ளைதான் தீர்ப்பு கேக்கும்." இதில் மட்டும் அண்ணன் பொய் சொல்லவில்லை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்குகள், போட்டவர்களின் ஆயுளையும் தாண்டி ஓடுகிற நாடு இது. நீதிமன்றம் நத்தையாக ஊர்வதால் யாருக்கு லாபம்? ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்துகொண்டு சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவருக்கு.

பாதியை விலைக்கே வாங்கலாமே என்று கேட்காதீர்கள். பங்கின் பெறுமதி 80 லட்சம் என்று வையுங்கள். விற்பனை உறுதிக்கு முதல் லட்சத்தில் 3 வீதமும் மிச்சத்தில் 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை 319,000 ரூபாய். அன்பளிப்பு உறுதியென்றால் முதல் 50,000க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம். 160,500 ரூபாயில் காரியம் முடிந்தது. தங்கச்சிக்குக் காசு கொடுத்தால் வரி கூட, கொடுக்காவிட்டால் வரி குறைவு. பாசத்துக்கு அரசாங்கமே கழிவு கொடுக்கும்போது அண்ணன் ஏன் காசை எண்ணி வைக்கப் போகிறார்?

நொத்தாரிசின் மேசையில் உறுதி தயாராக இருக்கிறது, சிங்களத்தில். பிரிபடாத இரண்டிலொரு பங்கை 'இயல்பான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு' அவள் அண்ணனுக்குக் கொடுக்கிறாள் என்று அதில் இருக்கிறது. இத்தனை அன்பு தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. அவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சாட்சிக்கு இரண்டு பேர்: நொத்தாரிசின் கிளார்க், அண்ணனை ஏற்றிவந்த திரீவீலர்காரர். வாசித்து விளங்கப்படுத்தியதாகக் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசே சான்றும் எழுதிவிடுகிறார். விளங்கப்படுத்தியது இவ்வளவுதான்: "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு சைன் பண்ணுங்க மிஸ்." நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறக் கூடாது என்று 1840இல் வந்த சட்டத்தின் பெயர் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். மூன்று பேரும் வந்தாயிற்று. தடுத்தாயிற்று.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா? கண்டியச் சட்டத்துக்குட்பட்டவர் எழுதிய அன்பளிப்பைப் பொதுவாக அவரே ரத்துச் செய்யலாம். நம் தங்கச்சிக்கு அந்த வசதியும் இல்லை. அவளுக்கென்று நாடாளுமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: மோசமான நன்றிகேட்டைக் காட்டி மீளாத அன்பளிப்பை ரத்துச் செய்ய, 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். நன்றிகேட்டுக்கென்றே தனிச்சட்டம் கேட்கிற அளவுக்கு நாட்டில் பாசம் முற்றிப்போயிருக்கிறது. ஆனால் அண்ணன் நன்றி கெட்டவர் என்பதை அவள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். அண்ணனிடம் பதில் இருக்கிறது: போன பொங்கலுக்கு அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார், பில்லும் வைத்திருக்கிறார்.