தண்ணி பொய் சொல்லாது, மருமோன்

புதுக் காணியைச் சுத்தி ஒருக்கா நடந்தாய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாத்தாய், "எல்லாம் மட்டமாய்த்தான் கிடக்கு அம்மான்" எண்டு சொல்லிப்போட்டாய். உந்தக் கண்ணுக்கு ஒரு மாலை வாங்கிப் போடவேணும்.

யாழ்ப்பாணத்திலை மலை எண்டு பேர் எடுத்த இடம் கீரிமலை. அதிலை ஏறி ஆருக்கும் மூச்சு வாங்கினதாய் நான் கேள்விப்படேல்லை. மாரிக்கு மட்டும் ஓடுற எங்கடை வழுக்கையாறு, தெல்லிப்பழைப் பக்கத்தாலை வெளிக்கிட்டு அராலியிலை கடலேரிக்குள்ளை விழுமட்டும், கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுதான் இறங்குது. பத்து மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர்! அது தெரியிற கண் உனக்கிருந்தால் ஏன் ராசா கண்ணாடி போடுறாய்?

போனை நிலத்திலை வைச்சும் பாத்தியாம். அது ஒரு சாண் இடத்தின்ரை மட்டம். உன்ரை காணி ரண்டு பரப்பு.

மேசன்மாரிட்டை, உள்ளுக்கு நிக்கிற தண்ணி தெரியிற ட்யூப் கிடக்கும். பதினைஞ்சு மீற்றர் காணும். வாளித் தண்ணியை வாயாலை இழுத்து நிரப்பு. குமிழி ஒண்டும் நிக்கப்படாது. நிண்டால் கணக்குப் பிழைக்கும். ரண்டு நுனியையும் கிட்டக்கிட்டப் பிடிச்சுப் பார், தண்ணி ஒரே உயரத்திலை நிண்டால் சரி. பிறகு ஒரு நுனியைத் தடியிலை கட்டி மதிலடியிலை நீ நில். மற்றதைப் பத்து மீற்றர் தள்ளி மனுசியைப் பிடிக்கச் சொல்லு, நீ சொல்லி அவள் கேப்பாள் எண்டால். தண்ணி ஆடி அடங்கட்டும். அடங்கினாப்போலை நிலத்திலையிருந்து தண்ணிமட்டும் ரண்டு பேரும் அளவுங்கோ. உன்ரை பக்கம் 92 சென்ரிமீற்றர், அவளின்ரை பக்கம் 107 எண்டு வை. வித்தியாசம் 15. பத்து மீற்றருக்குப் பதினைஞ்சு எண்டால் நூற்றுக்கு ஒண்டரை. இவ்வளவுதான் சரிவுக் கணக்கு.

எந்தப் பக்கம் பள்ளம்? கூடின நம்பர் வந்த பக்கம் மேடு எண்டு துள்ளாதை. கூடினதுதான் பள்ளம். இதை மாறி விளங்கி, வெள்ள வாய்க்காலைக் குசினிப் பக்கம் திருப்பிவிட்ட படிச்ச ஆக்களும் ஊரிலை இருக்கினம். பேர் சொன்னால் கோவிப்பினம்.

உனக்குச் சரிவு தெரியாட்டிலும் பக்கத்து வளவுக்காரனுக்குத் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு உன்ரை வெள்ளம் வேலிக்கு அங்காலை போகேக்கை அவன் சொல்லுவான், வாயாலை இல்லை, அப்புக்காத்தின்ரை கடிதத்தாலை. 2008 கார்த்திகையிலை நிஷா புயல் வந்து ஊரே வெள்ளத்துக்குள்ளை கிடந்ததை மறந்துபோட்டு, இப்பவும் மண் கொட்டி உயர்த்திப்போட்டுத்தான் மட்டம் பாக்கினம்.

ஒண்டு மட்டும் பகிடியில்லை. மேலை ஓடுற தண்ணியின்ரை சரிவைத்தான் ட்யூப் காட்டும். கீழை கிடக்கிறது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். அதுக்குள்ளாலை தண்ணி தன்ரை பாட்டிலை போகும். சரிவு அங்காலைதானே எண்டு மலகூடக் குழியைக் கிணத்தடியிலை வெட்டாதை. எவ்வளவு தள்ளி வெட்டவேணும் எண்டு பி.எச்.ஐ.யிட்டைக் கேட்டுப்போட்டு மண்வெட்டியைத் தொடு.