40 கே.பி.யில் ஓர் உலகம்

கே: அந்தக்கால வீடியோ கேம்களை எவ்வளவு சின்ன இடத்தில் அடக்கினார்கள்?

ப: 1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கே.பி. நிரலுக்கு 32, படங்களுக்கு 8. உங்கள் போனில் இருக்கும் 3 எம்.பி. புகைப்படம் ஒன்றை அழித்தால், அந்த இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட மாரியோ கேம்களை வைக்கலாம். அடுத்த முறை விளையாடும்போது வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை.

கே: மாரியோவுக்கு மீசை எதற்கு?

ப: வாய் வரைய இடமில்லை! 1981-இன் ‘டாங்கி காங்’ கேமுக்காக ஷிகேரு மியாமோட்டோ அவரைப் படைத்தபோது முகத்துக்குக் கிடைத்தவை மிகச் சில திரைப்புள்ளிகள். மீசை வைத்தால் வாய் வேண்டாம். தொப்பி போட்டால் குதிக்கும்போது தலைமுடி அசைய வேண்டாம். உலகமே அறிந்த முகம் இப்படித்தான் பிறந்தது.

கே: சின்ன வயதில் டி.வி. கேமில் கார்ட்ரிட்ஜைச் செருகியதும் ‘கான்ட்ரா’ ஓடும். இன்று என் மகன் ஒரு கேமை இறக்க ஒரு ராத்திரி ஆகிறது. அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?

ப: பெரும்பகுதி படமும் ஒலியும். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கணினியில் 150 ஜி.பி. இடம் கேட்கிறது. குதிரையின் தோல், சட்டையின் நெசவு, பாறையின் வெடிப்பு என ஒவ்வொன்றுக்கும் நுணுக்கமான படங்கள். நடிகர்கள் பேசிப் பதிந்த வசனங்கள் வேறு. மாரியோவில் பதிவு செய்த இசை இல்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும் உள்ளே இருக்கும். கோஜி கோண்டோ அமைத்த அந்த மெட்டை ஒலிச் சில்லு அங்கேயே, அப்போதே வாசித்தது.

கே: ‘வசதி குறைந்தால் கற்பனை பெருகும்’ என்பது பழைய ஆட்களின் ஏக்கப் பேச்சுதானே?

ப: இல்லை, சாட்சி இருக்கிறது. 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் டொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தார். 55 எதிரிகளைத் திரையில் நகர்த்த அன்றைய செயலி திணறியது. சுடச்சுட எதிரிகள் குறைந்தார்கள், செயலியின் சுமை குறைந்தது, மிச்சமிருந்தவர்கள் வேகமெடுத்தார்கள். நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை, அப்படியே வைத்துக்கொண்டார். போகப்போக எதிரியின் வேகம் கூடும் என்ற விதி கேம் உலகுக்குக் கிடைத்தது இந்தத் திணறலில்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி, 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதிலிருந்து ஒவ்வோர் அசைவையும் வரைந்தெடுத்தார். இளவரசன் அவ்வளவு உயிரோடு ஓடியதற்குக் காரணம் அதுதான். ஆனால் அந்த அசைவுகளே நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரி என்று ஒருவனைச் சேர்க்க இடமில்லை. சண்டை இல்லாமல் கேம் சப்பென்று இருக்கிறது என்று தோழி ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மெக்னர் இளவரசனின் அதே படத்தைச் சற்றே நகர்த்தி, அதன்மேலேயே கலந்து, வெளிறிய நிழல் உருவம் ஒன்றைப் பெற்றார். புதுப்படம் ஒன்றுகூட வரையவில்லை. கண்ணாடிக்குள் பாயும்போது அந்த நிழல் மனிதன் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடுவான். அவனை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இடப்பற்றாக்குறை மட்டும் இல்லையென்றால் இந்தக் காட்சி யாருக்குத் தோன்றியிருக்கும்?

கே: பழைய கேம்கள் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ப: ஆர்கேடில் நீங்கள் தோற்றால்தான் அடுத்த காசு விழும். வீட்டு கேமிலோ, உள்ளே இருந்தது கொஞ்சம்தான். அது மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டும்.

கே: அன்று வந்த கேம்களில் பிழையே இருக்காதாமே?

ப: இருந்தது, திருத்தத்தான் வழியில்லை. 1980-இன் ஆர்கேட் கேம் ‘பாக்மேன்’ சுற்று எண்ணை ஒரே பைட்டில் வைத்திருந்தது. அதில் 255 வரைதான் எண்ணலாம். 256-ஆம் சுற்றில் திரையின் வலப்பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிவிடும், ஆட்டம் அத்தோடு சரி. அந்த இயந்திரங்களில் இன்றும் அப்படித்தான். வெளியே போனால் திரும்பாது என்ற பயம் வேலையை ஒழுங்காக்கியது. இன்று அந்தப் பயம் இல்லை. ‘சைபர்பங்க் 2077’ டிசம்பர் 2020-இல் பிழைகளோடு வெளியான சில நாட்களிலேயே சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்தது. திரும்ப வர ஆறு மாதம். அடுத்தடுத்த திருத்தங்களால் இன்று அது நல்ல கேம்தான். ஆனால் முதல் நாளே முழு விலை கொடுத்தவர்களிடம் அரைவேக்காட்டை நீட்டியது தப்பு.

கே: இன்றைய நிரலாளர்கள் சோம்பேறிகளா?

ப: நியாயமில்லாத பேச்சு. நிஷிகாடோ படம், நிரல், மின்சுற்று மூன்றையும் தானே செய்தார். ஒவ்வொரு மூலையும் அவருக்குத் தெரியும். ஆயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் கட்டும் கேமில் முழுதும் அறிந்த ஒருவர் இருக்க முடியாது. ‘ஜிடிஏ ஆன்லைன்’ தொடங்க நிமிடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021-இல் விளையாட்டாளர் ஒருவரே உள்ளே புகுந்து பார்த்தார். 10 எம்.பி. பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் மிச்சப் பட்டியலின் நீளத்தை கேம் மறுபடி அளந்துகொண்டிருந்தது! அவர் சரிசெய்ததும் நேரம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்று அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

கே: அப்போ, அந்தக் காலம் பொற்காலம்தானே?

ப: தொழிலாளிக்கு அல்ல. அட்டாரி நிறுவனத்தில் நிரல் எழுதியவர் பெயரைக் கேமில் போடமாட்டார்கள். வாரன் ராபினெட் ‘அட்வென்ச்சர்’ கேமில் ரகசிய அறை ஒன்றை ஒளித்து அங்கே தன் பெயரை எழுதிவைத்தார். வேறு சிலர் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1982-இல் ‘ஈ.டி.’ படத்துக்கான கேமை முடிக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தது ஐந்தே வாரம். விற்காத கார்ட்ரிட்ஜ்கள் நியூ மெக்சிகோவில் குப்பை மேட்டில் புதைந்தன.

கே: இன்றைய கேம்களை 40 ஆண்டு கழித்து விளையாட முடியுமா?

ப: பலவற்றை முடியாது, இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜில் கேம் முழுதாக இருந்தது. யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’, காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருந்தும், 2024-இல் சர்வரை நிறுத்தியதும் செத்துப்போனது. கடையை மூடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. விற்ற பொருளை எங்களிடம் ஓடும் நிலையில் விட்டுவிட்டு மூடுங்கள்.

கே: கேம் செய்ய ஆசை, ஆனால் நான் தனி ஆள். ஆயிரம் பேருக்கு எங்கே போவேன்?

ப: எரிக் பரோன் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து, 2016-இல் ‘ஸ்டார்டியூ வேலி’யை வெளியிட்டார். படம், இசை, நிரல், கதை எல்லாம் அவரே. நீங்கள் அதைவிடச் சிறிதாகத் தொடங்குங்கள்: ஒரே திரை, ஒரே விதி, நான்கு நிறம். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் மூல நிரலை மெக்னர் 2012-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார், அதைச் செய்த நாட்களின் குறிப்பேட்டையும் புத்தகமாக்கியிருக்கிறார். முதலில் குறிப்பேட்டைப் படியுங்கள்.