ஓயாத கருமாதி

கிரீன் டே இசைக்குழு எப்போது செத்தது என்று கேட்டால், என்னோடு காரில் வரும் நண்பர் யோசிக்காமல் சொல்வார்: 1994 பிப்ரவரி. 'டூக்கி' ஆல்பம் வந்த மாதம். நானும் துக்கம் விசாரித்தேன். அடுத்த வாரம் பார்த்தால், அதே குழு 1997-ல் மறுபடி செத்திருக்கிறது. 'நிம்ராட்' ஆல்பத்தில் வயலின் வைத்துவிட்டார்களாம். 2004-ல் 'அமெரிக்கன் இடியட்' ஒரு சாவு. 2010-ல் அது பிராட்வே நாடகமானது இன்னொரு சாவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கருமாதி. புது ஆல்பம் வந்த அன்றே காசு கொடுத்து வாங்கி, முழுக்கக் கேட்டு, எந்தப் பாட்டில் எந்த நொடியில் உயிர் போனது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை வாசித்த பிறகுதான் அடக்கம். அந்தக் குழுவைப் பிடித்தவர்கள்கூட இவ்வளவு செலவழிப்பதில்லை.

ஆசாமி பெர்க்லியில் 924 கில்மேன் அரங்கமே கதியென்று கிடந்தவர். பெரிய ரெக்கார்டு கம்பெனியில் கையெழுத்துப் போட்ட குழுவுக்கு அப்போது அங்கே மேடை கிடையாது. கிரீன் டே அப்படித்தான் வெளியேறியது. 2015-ல் அதே மேடையில் திரும்ப வந்து வாசித்தார்களே என்றால் இருமல் வந்துவிடும்.

'வெல்கம் டு பாரடைஸ்' பாட்டு, சின்னக் கம்பெனி வெளியிட்ட 'கெர்ப்ளங்க்'கிலும் உண்டு, 'டூக்கி'யிலும் உண்டு. "அது உயிர், இது பிணம்" என்றார். ஒருநாள் கண்ணை மூடச் சொல்லி ஒன்றைப் போட்டேன். சற்று நேரம் தலையாட்டினார். சட்டென்று நிறுத்தி, "முதல்ல எந்த வருஷம்னு சொல்லு" என்றார்.

'நிம்ராட்'டில் உள்ள 'குட் ரிடன்ஸ்' பாட்டு வந்தால் அவர் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். பணம் வந்த பிறகு பிறந்த மெட்டு இல்லை அது, 'டூக்கி'க்கு முன்பே எழுதியது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். என் பெண் பள்ளி முடித்த அன்று அதைத்தான் போட்டார்கள். இரண்டரை நிமிஷப் பாட்டு ஐயா! நாலு வருஷத்தில் ஒருதடவைகூட வயலின் வரும்வரை கேட்கவிடவில்லை. கார் என்னுடையது.

கில்மேன் கூட்டத்தில் யாருடைய முழங்கையோ பட்டு மூக்குடைந்த கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். மூக்கைத் தடவிக்கொள்வார். அப்போது திட்ட வாய் வராது.

பே பிரிட்ஜ் நெருங்கியதும் தெளிந்துவிடுவார். "காசுதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்பார். அந்தப் பாவம் தன்னை அண்டக்கூடாது என்றுதானோ என்னவோ, பாலத்துச் சுங்கத்துக்கு இன்றுவரை பாக்கெட்டில் கைவிட்டதில்லை.