பண்ணையார் மகனும் ஒரு ரேடியோவும்

கேள்வி: அந்தக் காலத்துப் பிலிப்பைன்ஸ் சினிமாவிலும் காதல், பாட்டு, காமெடி எல்லாம் உண்டா?

பதில்: உண்டாவது! 1939-ல் வந்த 'கிலிவ் கோ'வில் மூன்றும் தாராளம். கிராமத்துப் பெண் ஒருத்தி. கூடவே வளர்ந்த பையன் அவளுக்காக உருகுகிறான். அவள் மனமோ நில உடைமையாளரின் மகன் பக்கம் சாய்கிறது. (பட்டணத்து உடுப்புக்கு அப்படியொரு மவுசு.) மணிலாவுக்குப் போய் ரேடியோவில் பாடகியும் ஆகிறாள். ரேடியோ அப்போது புதுசு. பாட்டு வைக்க டைரக்டர் கார்லோஸ் வாண்டர் டோலோசாவுக்கு அதைவிட நல்ல சாக்கு ஏது?

எல்விஎன் நிறுவனத்துக்கு இது முதல் படம். மூன்று குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்தான் அந்த எல்விஎன். கடிவாளத்தைப் பிடித்திருந்தவர் 'டோன்யா சிசாங்' என்ற அம்மையார்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிலிப்பைன்ஸ் படங்களில் மிஞ்சியவை வெகு சிலவே. அவற்றில் இதுவும் ஒன்று. 1998-ல் பிலிப்பைன்ஸ் சுதந்திரப் பிரகடன நூற்றாண்டையொட்டி ஆஸ்திரேலியர்கள் பிரதியைத் துடைத்துச் சீராக்கித் தந்தார்கள். நாயகி மிலா டெல் சோலும் துடைப்பதில் சளைத்தவரல்ல: நடிப்புக்குப் பின் துப்புரவுப் பணி நிறுவனம் நடத்தினார்!