இது நிஜ ரீல்

எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததே ஒரு ரிப்பேரால்தான். திரிபுரம் எரிக்கத் தேரேறிய சிவபெருமான், அவசரத்தில் பிள்ளையாரைக் கும்பிட மறந்துவிட்டார். பெற்ற அப்பாவே ஆனாலும் முறை முறைதானே? பிள்ளையார் தேரின் அச்சை முறித்துவிட்டார். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து அச்சரப்பாக்கம் ஆகிப் பேருந்துப் பலகையிலும் ஏறிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையில் கடந்துபோகிறவர்கள், ‘அச்சரம் என்றால் எழுத்து, படித்தவர்கள் ஊர் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் மறுப்பதில்லை.

உள்ளே ஒரு கதையும் வெளியே வேறு பெயருமாக இருக்கிற ஊரில் பிறந்ததாலோ என்னவோ, எனக்கு அப்படியே ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது. நான் பழைய தூண்டில் ரீல்கள் சேர்க்கிறேன். அதிலும், ஒரு கம்பெனி செய்து இன்னொரு கம்பெனி பெயரில் விற்ற ரீல்களாகப் பார்த்துச் சேர்க்கிறேன்.

இதை ஊரில் சொல்லிப் புரியவைப்பதற்கு மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிடலாம். டீக்கடையில் சொன்னேன். “நீங்க ரீல் விடுறது தெரியும் சார், சேர்க்க வேற செய்றீங்களா?” என்றார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னேன். “எத்தனை ஃபாலோயர்ஸ் அங்கிள்?” என்றான். முப்பத்தொன்பது ரீல், ஃபாலோயர் ஒருத்தி, அவளும் துடைப்பத்தோடு பின்னால் வருகிறாள் என்றேன்.

இதில் இன்னொரு சங்கடம், எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. மீன்காரம்மாவிடம் பேரம் பேசி வஞ்சிரத்தில் நாற்பது ரூபாய் குறைத்ததுதான் இதுவரை நான் மீன் விஷயத்தில் செய்த பெரிய சாதனை.

எல்லாம் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆரம்பித்தது. பேப்பர் போடப் போனேன். தராசுக்குப் பக்கத்தில், மிக்சி மூடிக்கும் சைக்கிள் பெடலுக்கும் நடுவில், கைப்பிடி வைத்த ஒரு சின்ன உருளை கிடந்தது. சுற்றிப் பார்த்தேன். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. சில்வண்டு மாதிரி. அந்தச் சத்தத்தில் விழுந்தவன்தான். பத்து கிலோ பேப்பரைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்தேன். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய பரம்பரையில், பேப்பருக்கு இரும்பு வாங்கி வந்த முதல் ஆள் நான்தான் என்று மனைவி அறிவித்தாள்.

தகட்டைத் துடைத்ததும் ‘ஜே.சி. ஹிக்கின்ஸ்’ என்று பெயர் தெரிந்தது. யாரோ பெரிய மீன்பிடி மன்னர் என்று நினைத்தேன். விசாரித்தால் மனிதர் ஒரு கணக்குப்பிள்ளை! அமெரிக்காவில் சியர்ஸ் என்ற மாபெரும் கடை. தபாலில் ஆர்டர் கொடுத்தால் ஊசி முதல் வீடு வரை அனுப்பியவர்கள். அங்கே 1898இல் கணக்குப் பிரிவுக்கு மேலாளராகச் சேர்ந்தவர் ஜான் ஹிக்கின்ஸ். 1908 முதல் கடையின் விளையாட்டுச் சாமான்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ‘சி’ என்ற இனிஷியலே கிடையாது. பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று கம்பெனியே சேர்த்துவிட்டது. நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா. அங்கே ஒரு கடை, தன் ஊழியருக்கு அப்பாவையே நியமித்திருக்கிறது.

நானும் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன். எழுதியது நான், கையெழுத்து மேலதிகாரியுடையது. ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரத்தில் அலுவலகத்தின் பெயர் இருந்தது. ஆகவே ஹிக்கின்ஸ் மேல் எனக்குப் பொறாமை வந்ததில் தப்பில்லை. ஆனால் சியர்ஸ் ரீல் செய்யவில்லை, ஹிக்கின்ஸும் செய்யவில்லை. அந்தப் பெயரில் வந்த ரீல்களில் பலவற்றைச் செய்தது மிச்சிகன் மாநிலத்தில் பிரான்சன் என்ற ஊரில் இருந்த கம்பெனி. அங்கே உட்கார்ந்து பல்சக்கரம் வெட்டியவர் யாரோ, அவர் பெயர் எங்கேயும் இல்லை. 1961இல் டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் நட்சத்திரத்தின் பெயரைக் கொண்டுவந்தார்கள், சீக்கிரமே கணக்குப்பிள்ளையும் காணாமல் போனார். ரீலைச் செய்தவர் பெயர் அப்போதும் வரவில்லை.

அப்படியானால் யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு இட்லித் தட்டைவிடச் சிறந்த கருவி உலகத்தில் இல்லை. முதல் குழியில் கைப்பிடி மரை, இரண்டாவதில் பக்கத் தகட்டின் திருகுகள், மூன்றாவதில் பித்தளைப் பல்சக்கரம், நான்காவதில் சத்தம் போடுகிற அந்தச் சின்னக் கொக்கி என்று வரிசையாக வைத்தால், திரும்ப மாட்டும்போது குழம்பாது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் ஐம்பது வருஷத்துக் கருப்புக் கிரீஸ் கரைந்து, பித்தளை மஞ்சளாகச் சிரிக்கும். நூல் ஒரே இடத்தில் குவியாமல் இடமும் வலமும் போய்வர ஒரு தண்டு இருக்கும். போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று என இரண்டு மரைகள் அதில் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருக்கும், பின்னிய ஜடை மாதிரி. இதே தண்டு, இதே சக்கரம், இதே திருகு வேறு பெயர் போட்ட ரீலிலும் இருந்தால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மேல்தகட்டின் பெயரை மாற்றலாம். பல்லை மாற்ற மாட்டார்கள், அச்சு செலவு அதிகம்.

இப்படி ஒருநாள் மாலை ஆராய்ச்சி முடித்து, மறுநாள் காலை இட்லியில் ஒரு வாஷர் கிடைத்தபோதுதான் எனக்கென்று தனி இட்லித் தட்டு ஒதுக்கப்பட்டது.

என் மைத்துனன் அமெரிக்காவில் இருக்கிறான். வரும்போதெல்லாம் சாக்லேட்டுக்குப் பதிலாக ரீல் கேட்பேன். பழைய வீட்டுச் சாமான் விற்கிற இடங்களில் தேடிப் பொறுமையாக வாங்கி வருவான். ஒரே ஒரு தடவைதான் மறுத்தான். “மாமா, நீங்க கேட்ட ரீல் கிடைச்சுது. ஆனா அதுல ஸீரோ ஹவர் பாம் கம்பெனின்னு போட்டிருக்கு. நான் பிளைட்ல வரணுமா வேண்டாமா?”

அவன் சொன்னது உண்மைதான். ஓக்லஹோமாவில் டல்ஸா நகரத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடி செய்துகொண்டிருந்த கம்பெனி அது. 1940களின் கடைசியில் ஆர்.டி. ஹல் என்பவர் ஒரு புது ரீல் யோசனையோடு வந்து நின்றார். வெடி செய்தவர்கள் ரீல் செய்ய ஆரம்பித்தார்கள். அதிபர் ஐசனோவருக்கு ஒரு ரீல் அனுப்பியபோது, ‘பாம் கம்பெனி’ என்ற பெயரைப் பார்த்துப் பாதுகாவலர்கள் பார்சலைத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ரீல்தானே, தண்ணீர் அதற்குப் புதிதா? 1956இல் கம்பெனி தன் பெயரை ‘ஸெப்கோ’ என்று சுருக்கிக்கொண்டது. அதே வெடிதான், திரியை மட்டும் கிள்ளிவிட்டார்கள்.

ஸ்வீடனில் அபு என்ற கம்பெனியின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1921இல் தொடங்கியது. டாக்ஸி மீட்டர் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லை, டாக்ஸி ஓடவில்லை, மீட்டர் வாங்க ஆளில்லை. அதே பல்சக்கர வித்தையை வைத்து ரீல் செய்ய இறங்கிவிட்டார்கள். மீட்டர் போட ஆளில்லை என்பதற்காகத் தொழிலை மாற்றிய கம்பெனி சென்னையில் இருந்திருந்தால், போர் வரும்வரை காத்திருக்கத் தேவையே இருந்திருக்காது. அந்த ரீலை அமெரிக்காவில் விற்றது கார்சியா என்ற கம்பெனி. கடைசியில் விற்றவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு ‘அபு கார்சியா’ ஆனது, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

“இதெல்லாம் ஒரு ஏமாத்து வேலை இல்லையா?” என்று மைத்துனன் கேட்டான். அவன் வைத்திருந்த புல்லட்டையே காட்டினேன். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போனது. ரீல்கள் செய்து பல கடைகளின் பெயரில் அனுப்பியதும் அந்த ஊர்தான். அங்கே ஓர் ஊசிக் கம்பெனி சைக்கிளுக்கு மாறி, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. என்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்ததால், அந்தப் பெயரையே எடுத்து ‘ராயல் என்ஃபீல்ட்’ என்று வைத்துக்கொண்டது. 1955இல் அந்த வண்டியை மெட்ராஸில் செய்ய ஏற்பாடானது. அதே வருஷம் அமெரிக்காவில் அதே வண்டிகளை ‘இந்தியன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் ஏன், 2012இல் நம் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து நிசான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் வந்தன. முகத்தில்தான் வித்தியாசம்.

மைத்துனன் யோசித்தான். முற்றத்தில் புளி போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி யோசிக்கவில்லை.

“இதுக்குப் போய் ஸ்வீடன் வரைக்கும் போகணுமா? இந்தக் குடத்துல எங்க பெரியத்தை பேரு வெட்டியிருக்கு. பெரியத்தையா தட்டி எடுத்தாங்க?”

எட்டு வருஷமாக நான் சொல்ல வந்ததை அவள் ஒரு குடத்தில் அடக்கிவிட்டாள்.

அந்த உற்சாகத்தில், இத்தனை ரீல் வைத்துக்கொண்டு ஒரு மீனாவது பிடிக்க வேண்டாமா என்று தோன்றியது. ஹிக்கின்ஸை ஒரு கம்பில் பூட்டிக்கொண்டு செய்யூர் வழியாகக் கடப்பாக்கம் போனேன். ஆலம்பறைக் கோட்டையின் இடிந்த சுவர், பக்கத்தில் கழிமுகம். இந்தக் கோட்டையில் ஒரு காலத்தில் நாணயச் சாலை இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரை முழுக்க இதே கதைதான்: ஆங்கிலேயர் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் காசு அடித்தார்கள், அதற்குப் பெயர் ஆர்க்காட்டு ரூபாய். இடமும் பொருத்தமாக அமைந்தது என்று மகிழ்ந்து தூண்டிலை வீசினேன். முள் பத்தடி போவதற்குள் உருளை இருபதடி சுற்றி, நூல் முழுக்கக் குருவிக்கூடு ஆகிவிட்டது.

பக்கத்தில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கையில் கம்பு இல்லை, ரீல் இல்லை. ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்திருந்தார்.

“இன்னா சார், ஷூட்டிங்கா?”

“மீன் பிடிக்க வந்தேண்ணே.”

அவர் என் சிக்கைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, அடிப்பாகத்தைக் கடல் பக்கம் நீட்டி, இன்னொரு கையால் ஈயக்குண்டைச் சுழற்றி விட்டார். பாட்டில் அசையவே இல்லை. நரம்பு மட்டும் அதன் முனை வழியாக வளையம் வளையமாக உருவிக்கொண்டு போய் எங்கோ விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல்கண்டு நிற்க நூல் மட்டும் உருவி ஓடுகிற இதே தத்துவத்துக்குத்தான், நூற்பாலைத் தொழிலில் இருந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்தில் பலர் சுற்றுவது அவர் வழியில் வந்த ரீல்தான். இங்கே அது லுங்கி மடிப்பில் இருக்கிறது.

அரை மணி நேரத்தில் அவர் ஒரு கொடுவா பிடித்தார். நான் அதை விலைக்கு வாங்கினேன். பிறகு தயங்கித் தயங்கி, “அண்ணே, அந்தப் பாட்டிலையும் தருவீங்களா? பதிலுக்கு இந்த ரீலை வச்சுக்குங்க” என்றேன்.

அவர் ஹிக்கின்ஸை வாங்கி ஒரு சுற்று சுற்றினார். ‘கிர்ர்ர்’ என்றது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“வேணா சார். இது கெட்டா யாரு பாப்பாங்க? பாட்டிலு கெட்டா டீக்கடையில வேற பாட்டிலு. நீ எடுத்துக்கோ, என்னாண்ட இன்னொன்னு கீது.”

வீட்டுக்கு வந்தேன். மீனைக் கண்டதும் மனைவி முதல்முறையாக என்னை மரியாதையுடன் பார்த்தாள். எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு என்று அவள் கேட்காததால் நானும் சொல்லவில்லை. அப்புறம் பாட்டில் கண்ணில் பட்டது.

“இது?”

“நாற்பதாவது ரீல்.”

திட்டப்போகிறாள் என்று நின்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினாள். மேலே பாதி கிழிந்து ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் தள்ளிவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.