மஞ்சள் ஐரிஸுக்கு ஒரு மாற்று

கேள்வி: தோட்டத்துக்கு மஞ்சள் சைபீரியன் ஐரிஸில் எந்த ரகம் நல்லது?
– ஒரு வாசகி, நைனார்பாளையம்

பதில்: ரகத்துக்குப் பஞ்சமில்லை, பனிக்குத்தான் பஞ்சம். அமெரிக்க மருத்துவர் கரியர் மெக்யூவன் உருவாக்கிய ‘பட்டர் அண்ட் சுகர்’ இந்த மஞ்சள்களில் பேர்போனது: மேலிதழ் வெள்ளை, கீழிதழ் வெண்ணெய் மஞ்சள். ஆனால் குளிர்காலத்தில் இலை மடிந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கி எழுந்தால்தான் இந்தச் செடி ஒழுங்காகப் பூக்கும். நம் மார்கழியை அது குளிரென்றே மதிக்காது. ‘பக்கத்திலேயே கல்வராயன் மலை இருக்கிறதே’ என்பீர்கள். மலை குளுமைதான், மாதக்கணக்கில் நீடிக்கும் உறைகுளிர் அங்கும் கிடையாது. கிழங்கைத் தோண்டி ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால், அடிக்கடி வேர் கலைவது இதற்கு ஆகாது, தயிருக்கும் இடமிருக்காது.

ஐரிஸ் குடும்பத்திலேயே சம்பந்தம் வேண்டுமென்றால் டிரிமேசியாவைப் பாருங்கள். வெப்பமண்டல அமெரிக்காவின் செடி, நல்ல மஞ்சள், அரைநிழல் போதும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பது குறைதான், ஆனால் அடுத்தடுத்துப் பூக்கும். பூத்த தண்டிலேயே குட்டியும் போடும். முழு வெயிலும் தண்ணீரும் உள்ள இடமானால் மஞ்சள் கல்வாழை. வாங்கும்போது பூவைவிட இலையைப் பாருங்கள். இலையில் மஞ்சள் கீற்றுகள் ஓடினால் பெரும்பாலும் வைரஸ் நோய். நர்சரிக்காரர் அதையே ‘புது ரகம்’ என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.